தறிக்காரன் வண்டி

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதா இல்லையா என்பது சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. மீட்டரில் முள் துள்ளி எழுந்து நின்றதைப் பார்த்துத்தான் ஆகிவிட்டது என்று புரிந்தது. புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். துடியலூர் யார்டில் நின்ற அத்தனை பேரும் அதற்குத்தானே காத்திருந்தார்கள், காதுக்காரர் கண்ணை மூடுவதற்கு. சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுகிற புரோக்கர் என்று கோயமுத்தூரில் பழைய கார் கைமாறுகிற இடத்திலெல்லாம் அவருக்கு அந்தப் பேர்தான். சொந்தப் பேர் பாங்கிக்காரனுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் மட்டும். யார்டுக்காரன் மணிமாறன் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, ஊருக்கே கேட்கிற குரலில், அதனால் அவருக்கும் கேட்கிற குரலில், "ஏசிய அமத்துங்க, பாட்டை அமத்துங்க, அண்ணன் கண்ண மூடிட்டாரு! இனி வண்டியே வாயைத் தொறந்து அது செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லிப்போடும்" என்றான். எல்லோரும் சிரித்திருப்பார்கள். சிரிப்பைத் தோளில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் கண்தான் மூடியிருக்கிறதே. மூடிய கண்ணுக்குள் இருட்டு, இருட்டுக்குள் அந்த ஊய்ங். மூன்று வருஷமாகப் பகலும் இரவும் நிற்காத ஊய்ங், யாரோ பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைத் தலைக்குள் கொண்டுவந்து வைத்து ஓடவிட்டுப் போன மாதிரி. அதைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. எஞ்சின் இல்லை. உள்ளங்கையை கியர் மேல் வைத்துப் பார்த்தார். நடுக்கம் இருந்தது. உயிர் இருக்கிறது என்று மட்டும் அந்த நடுக்கம் சொல்லும். உடம்புக்கு என்ன என்று சொல்லாது. வழக்கமாக எவ்வளவு நேரம் மூடுவாரோ அவ்வளவு நேரம் மூடியிருந்துவிட்டு, வழக்கமாகத் திறக்கிற மாதிரி ஒரு கண்ணை முதலிலும் மறு கண்ணை அப்புறமும் திறந்து, "ம். ரோட்டுல உட்டுப் பாக்கலாம்" என்றார். இந்தக் கூத்தை எத்தனையோ யார்டில் ஆடியிருக்கிறார், ஒருத்தனும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அப்போதெல்லாம் பின்சீட்டில் தாரணி இல்லை. அவர் பெற்ற மகள் ஆறு வருஷம் கழித்து அவர் உட்கார்ந்திருக்கிற வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள், ஸ்டியரிங்கில் அவள் கட்டிக்கொண்ட ஜெயசீலன். அவர் கட்டக்கூடாது என்று சொன்ன ஜெயசீலன்.

மகள் போன் பண்ணியதுகூட அவருக்கு நேராகத் தெரியாது. போனை எடுத்தால் எதிர்ப்பக்கம் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அதனால் யார் கூப்பிட்டாலும் "வண்டில இருக்கறேன், அப்புறம் கூப்புடு" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார், போன வாரம் அவளுக்கும் அதையேதான் கத்தியிருக்கிறார். அப்புறம் அவள் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். சரோஜா அடுப்படியிலிருந்து வந்து முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, "ஏனுங்க, தாரணி பேசுனாளுங்க. டூரிஸ்ட் ஓட்ட வண்டி எடுக்கறாங்களாமா, நீங்க சொல்ற ஜப்பான்காரன் வண்டிதான். அப்பா ஒருக்கா வந்து காதுல கேட்டுச் சொன்னாப் போதும், வேற யாரையும் நம்ப முடியாதுங்கறா. சரியா வந்துச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கெழமை அதே வண்டில பாப்பாவையும் கூட்டிட்டு நம்மூட்டுக்கே வர்றேங்கறா" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் நனைந்துவிட்டது. சரோஜாவுக்கும் விஷயம் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை, அதனால் காது போனது அவளுக்கு வித்தியாசமாகவே படவில்லை. வேற யாரையும் நம்ப முடியாது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அவர் தரையில் நடக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தினமும் மலை ஏறி இறங்கப்போகிற வண்டி இது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அதற்குள் அவர் பேத்தி உட்காருவாள். போட்டோவில் மட்டும் பார்த்த பேத்தி, அவருடைய மூக்கு. ஞாயிற்றுக்கிழமை வருவாளாம். வருவதற்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல் வேண்டும், சொல்லுக்குக் காது வேண்டும், காது எங்கே? பொள்ளாச்சி டாக்டரிடம் இருக்கிறது. கோயமுத்தூரில் போனால் எவனாவது பார்த்துவிடுவான் என்று பொள்ளாச்சி வரைக்கும் போனார். அங்கே ஒரு மிஷினைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டினால் சத்தம்தான் பெருசாகிறது, பேச்சு பெருசாகவில்லை, தட்டு விழுகிறதும் மனுசன் பேசுகிறதும் ஒன்றாகவே இடிக்கிறது. அதோடு காதில் மிஷினோடு போய் எந்த யார்டில் நிற்பது? கண்ணாடி போட்ட தையல்காரனிடம் துணி கொடுப்பார்கள், மிஷின் மாட்டிய காதுக்காரனிடம் எவன் வண்டியைக் காட்டுவான்?

வண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி வடக்கே திரும்பியது. நன்றாகத்தான் ஓட்டுகிறான். பிரேக்கைத் தடவுகிற மாதிரி பிடிக்கிறான். இந்தப் பையனை நீ என்பதா நீங்க என்பதா என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை, அதனால் இரண்டும் வராத மாதிரியே பேசினார்: "மூணாவதுலயே போகட்டும்", "கொஞ்சம் மிதிச்சாத் தேவலை". மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அது தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். ஜெயசீலன் அவருக்கு வலப்பக்கம், வலது காதுதான் முதலில் போன காது. முதலில் போன காதுப் பக்கமே அவனை உட்கார வைத்தது யார்? ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைத்தவன். வெயில் தடுக்கிற பலகையைக் கீழே இழுத்தார். அதில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, பொம்பளைகள் பொட்டு சரி பண்ண. அதைச் சாய்த்ததும் பின்சீட்டில் தாரணியின் வாய் தெரிந்தது. வாய் அசையவில்லை. நல்லது. அசையும்போது பார்த்துக்கொள்ளலாம். பயந்த முகத்தைக் காட்டக்கூடாது, தொழிலில் முதல் பாடம் அது, உக்கடம் லாரிப்பேட்டையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோதே அடி வாங்கிப் படித்தது: வாங்குகிறவன் முகத்தில் ஆசை தெரியக்கூடாது, விற்கிறவன் முகத்தில் அவசரம் தெரியக்கூடாது, புரோக்கர் முகத்தில் எதுவுமே தெரியக்கூடாது. பயத்தை மறைக்க அவருக்கு ஒரு வழிதான் தெரியும். கதை சொல்வது. ஆரம்பித்தார். "இந்தக் கம்பெனிக்காரன் மொதல்ல கார் செய்யலை, தெரியுமல்லோ? தறி செஞ்சான்."

இந்தக் கதையால்தான் அவர் பிழைத்தார். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் கார் வாங்க வந்தால் எந்த வண்டியையும் அவர் காட்டமாட்டார், ஜப்பான்காரனுடைய தறியைத்தான் காட்டுவார். அந்த நாட்டில் ஒரு தச்சனுடைய மகன், அவன் அம்மா ராத்திரியில் உட்கார்ந்து நெய்கிறதைப் பார்த்துப் பார்த்து தறியைக் கழற்றி மாட்டி, கடைசியில் நூல் அறுந்தால் தானாகவே நிற்கிற தறியைச் செய்தான் என்றால் தறிக்காரன் கண் விரியும். ராத்திரி ஷிப்டில் ஆள் தூங்கிவிட அறுந்த நூலோடு தறி ஓடிக் கெட்டுப்போன துணி எத்தனை கஜம் என்று அவனுக்குத்தானே தெரியும். அந்தத் தறியின் உரிமையை வெள்ளைக்காரனுக்கே விற்று, தறி செய்தவன் தன் மகனிடம், நான் தறி செஞ்சேன், நீ கார் செய்யடா என்றான் என்று முடிப்பார். தறிக்காரன் செய்த வண்டியைத் தறிக்காரன் வாங்காமல் வேறு எவன் வாங்குவான்? யார்டுகளில் அந்த வண்டிக்கே தறிக்காரன் வண்டி என்று பேராகிவிட்டது. நல்ல வண்டிதான், பொய் இல்லை. அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடி முதுகு வளையாத வண்டிகளைத் தன் கையால் மாற்றிவிட்டிருக்கிறார். ஆனால் காது போக ஆரம்பித்த வருஷம்தான் அவர் மற்ற கம்பெனி வண்டிகளை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொண்டார் என்பதை எவனும் கவனிக்கவில்லை. மற்ற வண்டியில் என்ன சத்தம் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். இதில் சத்தம் கேட்கவில்லை என்றால் கம்பெனிக்குப் பெருமை. "சத்தமே வராதுங்க, அதான் இவன் பேரு" என்று தன் செவிட்டுத்தனத்தை எல்லாம் ஜப்பான்காரன் கணக்கில் எழுதிவிட்டார். கடல் தாண்டி எவனோ நாலு தலைமுறையாக நட்டு நட்டாக முறுக்கிச் சேர்த்த நல்ல பேருக்குப் பின்னால் கோயமுத்தூர் புரோக்கர் ஒருத்தன் ஒளிந்துகொண்டிருக்கிறான். கதையில் அவர் சொல்லாமல் விடுகிற பாதியும் உண்டு. கார் ஷோரூம் பையன் ஒருத்தன் ஒருமுறை சொன்னது: முதலில் செய்த லாரிகள் போகிற வழியெல்லாம் நின்றுபோனதாம், கம்பெனி ஆட்களே பின்னால் போய்ப் பழுது பார்த்து மன்னிப்புக் கேட்டார்களாம்; உலகச் சண்டைக்கு அப்புறம் ஒரு பெரிய ஸ்டிரைக் வந்து, ஆட்களை வெளியே அனுப்பவேண்டி வந்த அவமானத்தில் மகன்காரன் கம்பெனியை விட்டே இறங்கி, அது தலைதூக்கியதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தானாம். இதையெல்லாம் சொன்னால் வண்டி விற்காது. மன்னிப்புக் கேட்டான் என்பதை எந்த வாங்குபவன் ரசிப்பான்? அவரே ரசித்ததில்லை.

ஜெயசீலனின் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. உதடு இரண்டு தரம் ஒட்டிப் பிரிந்தது, மாமா என்கிறான். மீதி தாடைக்குள் போய்விட்டது. "ரோட்டைப் பாத்துக் கொஞ்சம் சத்தமாத்தான் பேசறது" என்று எரிந்து விழுந்தார், எரிந்து விழுந்தால் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள் என்பது காது போன பிறகு கண்டுபிடித்த வசதி, முன்கோபக்காரன் என்று பேர் எடுத்து வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. அவன் கத்தினான்: "அறுவதைத் தாண்டுனா அடியில ஒரு ஊங்கல் வருதுங்க மாமா! கேக்குதுங்களா?" கேட்கிறதா? கேட்கிறது. ஊங்குகிறதுதான். மூன்று வருஷமாக ஊங்குகிறது, அறுபதில் மட்டுமல்ல, படுக்கையில் படுத்திருக்கும்போதும், சாமி கும்பிடும்போதும். அது இதுவா, இது அதுவா? அவனுக்குக் கேட்கிற ஊங்கலும் தன் மண்டைக்குள் இருக்கிற ஊங்கலும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தால் எப்படிப் பிரித்து எடுப்பது? டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலும் ஊங்கும். அது ஒன்றுமில்லை, காற்றையும் டயரையும் மாற்றினால் போச்சு. சக்கரத்து பேரிங் போயிருந்தாலும் ஊங்கும். அது மலை இறங்கும்போது பிடித்துக்கொண்டால் சக்கரம் தனியாகப் போகும், ஆட்கள் தனியாகப் போவார்கள். முன்னெல்லாம் சிங்காநல்லூரில் ஒருத்தன் வண்டியை முக்குத் திருப்பும்போதே இடது முன் சக்கரம் என்று சொல்லிவிட்டுத் தேங்காய் பன்னைக் கடித்தவர் அவர். பேரிங் ஊங்கல் அடிவயிற்றிலிருந்து வரும், வளைவில் திருப்பினால் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும்; டயர் ஊங்கல் மாறாது. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? "வளச்சு ஓட்டுனா எப்படி வருது?" என்று அவனையே கேட்டுவிடலாமா? கேட்டால் போச்சு. அப்புறம் காதுக்காரன் எதற்கு? பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி வெறும் தரையில் பதித்தார். முழங்காலைக் கதவில் ஒட்டினார். எல்லாம் அதிர்கிறது, ரோடு அதிர்கிறது, அவரே அதிர்கிறார். அந்த ஜப்பான்காரன் ஃபாக்டரியில் ஒரு கயிறு தொங்குமாம். கடைசித் தொழிலாளிகூட, ஏதோ தப்பாக இருக்கிறது என்று பட்டால் அதை இழுக்கலாம், மொத்த வேலையும் நின்றுவிடும், இழுத்தவனைத் திட்டமாட்டார்களாம். இதையும்தான் எத்தனை தறிக்காரனிடம் சொல்லியிருப்பார், "நம்மூரா இருந்தா இழுத்தவன் கையை ஒடிச்சிருப்பாங்க" என்று சேர்த்துச் சிரிக்க வைத்திருப்பார். இப்போது சொல்லிவிடலாம். எனக்குக் கேட்கவில்லை, வேறு ஆளிடம் காட்டு. இவ்வளவுதான், ஒரு மூச்சு. கண்ணாடியில் தாரணியின் வாய் அசைந்தது. சாய்த்து வைத்த கண்ணாடியில் வாய் தலைகீழாகப் போகிற மாதிரி இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை, கடைசியில் அப்பா என்று முடிந்ததா, இல்லை பாப்பா என்று முடிந்ததா. "ம்" என்று வைத்தார். எதற்கு ம் போட்டோம்?

பெரியநாயக்கன்பாளையத்தில், நூற்பாலை மெஷின் செய்கிற பெரிய ஆலையின் மதிலோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். இங்கேயும்தான் நூல் மெஷின் செய்கிறார்கள், கார் செய்யவேண்டும் என்று எந்த அப்பனும் எந்த மகனுக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜெயசீலன் எஞ்சினை அணைத்தான், முள் படுத்தது. உடம்பை முழுசாகத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். இப்போது அவள் முகம் நேராக இருந்தது. இளைத்திருக்கிறாள். நல்ல வண்டி என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வருவாள், ஒருநாள் மலையிலிருந்து வராமலே போனாலும் போவாள். இரண்டையும் எடை போட அவருக்கு நேரம் ஆகவில்லை. "வேண்டாம்" என்றார். தாரணி, "ஏனுங்கப்பா?" என்றாள். "வேண்டாம்னா வேண்டாம்." "டயரா, பேரிங்கா? எதுன்னு சொல்லுங்க, அதை மாத்திக்கிறோம். வண்டி நல்ல வண்டிதானுங்களே, நீங்களே இத்தனை நேரம் கதை சொன்னீங்க." எதுன்னு சொல்ல முடியாதே கண்ணு. "என்ர வாயில வேண்டாம்னு வந்துருச்சு, உட்டுத் தள்ளு" என்றார், குரல் எவ்வளவு பெருசாகப் போகிறது என்று அவருக்கே தெரியாது, மரத்தடியில் நின்ற இளநீர்க்காரன் திரும்பிப் பார்த்ததில்தான் தெரிந்தது. ஜெயசீலன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, சிரித்த மாதிரி, ஆனால் நன்றாகக் கேட்கிற மாதிரி, "வேண்டாங்கறது வண்டிங்களா மாமா, இல்ல இன்னும் நாந்தானா?" என்றான். "எவனும் என்னைக் கேள்வி கேக்கப்படாது!" தாரணியின் வாய் மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக அவருக்குப் படிக்கத் தருகிற மாதிரி சொன்னது: "தெரியுமுங்க. வேண்டாம்னுதான் சொல்லுவீங்கன்னு வரும்போதே தெரியும்."

அப்போதுதான் அவர் சொன்னார். எந்தப் பேரத்திலும் இவ்வளவு சீக்கிரம் அவர் இறங்கி வந்ததில்லை. "எனக்குக் காது கேக்கலை சாமி. ரெண்டும் போச்சு. வண்டில என்ன சத்தம்னு எனக்குத் தெரியாது. பயமா இருக்குது, அதான் வேண்டாங்கறேன்." சொன்னதும் நெஞ்சு காலியாகிவிட்டது, மேட்டில் ஏறி நின்ற மாதிரி காற்று வந்தது, இனி அவள் கை அவர் தோளில் விழும் என்று தோளே காத்திருந்தது. தாரணி சிரித்தாள். "அன்னைக்கு நெஞ்சு வலி, இன்னைக்குக் காதுங்களாப்பா?" ஆஸ்பத்திரிக் கட்டில். அவள் பதிவுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தார், கையில் குளுக்கோஸ் ஏறியது, அவள் ஓடிவந்து கால்மாட்டில் விழுந்து அழுதாள், கல்யாணம் வேண்டாம்ப்பா, எந்திரிங்க போதும் என்றாள். முடிந்தது, படிந்துவிட்டது என்று மச்சினனைப் பார்த்து ஒரு கண்ணை அடித்தார். படிந்த வியாபாரத்தில் கண்ணடிப்பது பழக்கம், வேறொன்றுமில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த நேரமும் அதே நேரமாகப் போயிற்று. வண்டியில் விலை குறைக்க அவர் இருமியிருக்கிறார், நொண்டியிருக்கிறார், சர்க்கரையில் தலை சுற்றுகிறது என்று யார்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், உடம்பில் அவர் விற்காத பாகம் இல்லை. இதுவரைக்கும் எடுக்காத ஒன்றே ஒன்று காது. அதை எடுத்து வைத்தால் அதுவும் பழைய சரக்கு மாதிரி இருக்கிறது. "அப்படின்னா இத்தனை நேரம் நாங்க பேசுனது எப்படிங்க கேட்டுச்சு?" என்றான் ஜெயசீலன். "வாயைப் பாத்து." தாரணி அவரையே பார்த்தாள். அப்புறம் துப்பட்டாவின் முனையை எடுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டாள். பேரக்காரன் மகள், சரக்கைச் சோதிக்கிறாள். கண் மட்டும் இருந்தது. துணி லேசாக உள்ளே போய் வெளியே வந்தது, பேசுகிறாளா, மூச்சு விடுகிறாளா? என்ன கேட்கிறாய் கண்ணு? அவர் விழித்தார். விழிக்கும்போதே தெரிந்தது, பொய் சொல்கிறவனும் இப்படித்தான் விழிப்பான். கேட்காத மாதிரி நடிக்கிறவனும் இதே மாதிரிதான் வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, இதே மாதிரிதான் சும்மா இருப்பான். உண்மைக்கு என்று தனியாக ஒரு முகம் அவரிடம் இருந்ததில்லை. துணி நின்றது. ஜெயசீலன் தலையைத் திருப்பி வெளியே இளநீர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியானால் அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருக்கிறவனால் திரும்பிப் பார்க்க முடியாத ஏதோ ஒன்று. அவள் துணியை இறக்கினாள், மூக்கு சிவந்திருந்தது. "போலாங்க" என்றாள், அவரிடம் இல்லை.

திரும்பி வருகிற வழியில் யாரும் பேசவில்லை, பேசியிருந்தாலும் ஒன்றுதான். யார்டில் மணிமாறன் டயரைக் காலால் எட்டி உதைத்து, "டயர் சத்தங்க. வேணும்னா இப்பவே எடுத்துக்கங்க, மத்தியானம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்று கத்தினான். மத்தியானப் பார்ட்டி என்று ஒருவர் கிடையாது. அந்தப் பார்ட்டியை உண்டாக்கி இந்த யார்டுகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்ததே சென்னியப்பன்தான். விலை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள், அவருடைய வார்த்தைதான் பாக்கி இருந்தது, அது இல்லாமலே ஜெயசீலன் கையெழுத்துப் போட்டான். அவன் வந்து, "வர்றோமுங்க" என்று நேராக நின்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தையை அவர் வாயில் தெளிவாகப் பார்த்தார், நல்ல பையன்தான். தாரணி முன்சீட்டில் ஏறினாள், இன்னும் சூடு ஆறாத அவருடைய சீட்டில். கண்ணாடி ஏறியது. சக்கரம் சுற்ற ஆரம்பித்தபோது இடது முன் சக்கரத்தையே பார்த்தார், ஆடுகிறதா, ஆடவில்லையா, பார்த்துத் தெரிகிற விஷயமா அது, அது கேட்கிற விஷயம். வண்டி வடக்கே திரும்பிற்று. இங்கிருந்து காரமடை, அப்புறம் மேட்டுப்பாளையம், நாளைக்கு மலை.

அவர் வீட்டுக்குப் போகிற பஸ் எதிர்ப்பக்கம். வடக்கே பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கி நடந்தார். யாரோ முழங்கைக்கு மேலே பிடித்துப் பின்னால் இழுத்தது போல இருந்தது; இழுக்கவில்லை, ஒரு பைக்கின் கைப்பிடி சட்டையைப் பிடித்துக் கிழித்துக்கொண்டு போய் நின்றிருக்கிறது. ஓட்டி வந்தவன் காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகமெல்லாம் ரத்தமேறக் கத்திக்கொண்டிருந்தான். இத்தனை நேரம் ஹார்ன் அடித்தேன் என்று கையால் அடித்துக் காட்டினான். யோவ் என்று தொடங்கி நீளமாகப் போயிற்று, கடைசியில் அந்த வாய் நன்றாக விரிந்து ஒரு சொல்லில் நின்றது: செவிடா? வேறொரு நாளாக இருந்தால் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருப்பார். கை எழுந்தது, அப்புறம் எழுந்த கை தானாகவே காதுக்குப் போய் அதைத் தொட்டுக் காட்டியது. "ஆமாங்க தம்பி" என்றார். "ரெண்டுமே." அவன் வாய் மூடிக்கொண்டது. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிற்று. பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, ஒரு கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டே, அவர் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைத் தாண்டிவிட்டான். கேட்டதும் நம்பிவிட்டான்.